வழியில் நின்ற கிரேன்

கியூம்ரியில் எனக்கு வேலை, விரிசல் பார்ப்பது.
நிலம் ஒருமுறை குலுங்கிய ஊர்;
இங்கே சுவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியும்.
பூச்சின் மேல் விரலை மடக்கித் தட்டுவேன்,
உள்ளே கல்லா காற்றா என்று காது சொல்லும்.

வியாழன் மாலைகளில், தேவாலயத்தின் பின்னறையில்,
கோடையிலும் பழக்கம் விடாமல்
அணைந்த அடுப்பைச் சுற்றி ஏழு பேர்.
நான்கு நற்செய்திகளில் குட்டையானதைப்
பிரித்துப் போட்டுப் படிக்கிறோம்.
திருத்தொண்டர் வாஹ்ராம் இறையரசு என்பார்,
தன்னை மறைத்துக்கொள்ளும் மெசியா என்பார்.
டாக்ஸி ஓட்டும் மெலிக்செத்
‘உடனே’ என்ற சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறான்.
நாற்பதைத் தொட்டுவிட்டதாம்.
"எழுதினவனுக்கு மீட்டர் ஓடியிருக்கிறது."

நான் கட்டுமானம் பார்க்கிறேன்.

கடைசிப் பக்கத்தைத் தட்டியதுமே தெரிந்தது.
கல்லறையை விட்டுப் பெண்கள் ஓடுகிறார்கள்,
ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, பயம்.
கிரேக்கத்தில் அந்த வாக்கியம்
‘ஏனெனில்’ என்ற சொல்லில் போய் நின்றுவிடுகிறது.
பின்னால் வரும் பன்னிரண்டு வசனமும் வேறு கொத்தனாருடையவை,
சாந்தின் நிறமே வேறு.
எங்கள் தெருவில் பாதியில் நின்ற மாடிப்படிக்கு
யாரோ பிற்பாடு கைப்பிடி வைத்த மாதிரி.
நல்லெண்ணம்தான்.
பிடித்து ஏறினால் வானம்.

தூக்கம் போனது அங்கே அல்ல, ஐந்தாம் அதிகாரத்தில்.
மகள் சாகக் கிடக்கிறாள் என்று தகப்பன் காலில் விழுகிறான்.
புறப்படுகிறார்கள். வழியெல்லாம் கூட்டம்.
பெரும்பாடுள்ள ஒருத்தி பின்னாலிருந்து உடுப்பைத் தொடுகிறாள்.
அவர் நிற்கிறார்.
தொட்டது யார் என்று திரும்பிப் பார்க்கிறார்.
அவள் ஒன்று விடாமல் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார்.
அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது:
இனி வரவேண்டாம்.

"ஒரு கதையைப் பிளந்து இன்னொன்றைச் செருகுவது
இவர் கைவேலை" என்று வாஹ்ராம் பலகையில் வரைகிறார்:
ரொட்டி, பாலாடைக்கட்டி, ரொட்டி.
"நோய்க்குப் பன்னிரண்டு வருஷம், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது.
இரண்டையும் பிணைக்கிற ஆணி அது."

ஹைகனுஷுக்கும் பன்னிரண்டு.
டிசம்பர். பள்ளிக்கூடத்தின் மூன்று மாடியும் ஒரே அடுக்காய்.
அப்பா யார் யார் காலிலோ விழுந்து
ஒரு கிரேனைப் பிடித்து வந்தார்.
மில் முனையில், இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு கை
அவர் கால்சட்டையைப் பிடித்தது.
அப்பா நின்றார். கிரேனும் நின்றது.
இரண்டு மணி பத்து நிமிஷம்.
பள்ளிப் பக்கமிருந்து வந்த ஆள் சொன்னதும்
அதே இரண்டு சொல்தான்.
அதற்கு மேல் எங்கள் கதை அந்த வழியில் போகவில்லை.

பாரம் தாங்கும் சுவர் எது என்று
மூன்று வாரமாய்ப் பார்க்கிறேன்.
நடுக்கதையை உருவிவிட்டு வரைந்துகூடப் பார்த்தேன்.
உருவினால் வைத்தியர் நேரத்துக்கு வருகிறார்,
காய்ச்சல் இறங்குகிறது, அவ்வளவுதான்.
செத்தவள் எழுந்திருக்க அதில் இடமே இல்லை.
முழுக்கூரையும் அந்தத் தாமதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
கணக்கு சரி.
சரியாக வருகிற அந்தக் கணக்கை வெறுக்கிறேன்,
வாஹ்ராமிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலையில் சத்தெனிக் வந்தாள். ஒவ்வொரு ஜூலையும் வருவாள்,
அர்மவிரிலிருந்து பஸ் ஏறி, ஒருபக்கம் சாய்ந்த இடுப்போடு,
ஒரு வாளி ஆப்ரிகாட் பழத்தோடு.
அப்பா இருந்தவரை அவர் வாங்கிக்கொள்வார்,
நான் உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.
அவர் போன பிறகு
வாசலில் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த அதிகாரம் முடிகிற இடத்தில்
எழுந்த பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார்.
நடுக்கதைக்காரியைச் சமாதானமாய்ப் போகச் சொன்னதோடு சரி.
இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்கு அழுதவள்,
அன்றைக்குச் சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.
மறந்திருக்க மாட்டார்.
அளந்து இடம் விட்டிருக்கிறார்.

கதவைத் திறந்தேன்.
அவள் பயந்து ஓரடி பின்னால் போனாள்.
லவாஷ் இருந்தது, நேற்றைய பயறு சூப் இருந்தது.
உட்காரச் சொல்ல வாய் வரவில்லை,
நாற்காலியைக் காலால் தள்ளினேன்.
குனிந்து, அவசரமாய்ச் சாப்பிட்டாள்.
தட்டின் விளிம்பில் கரண்டி படுகிற ஓசையை
என் காது பழக்கதோஷத்தில் கேட்டுக்கொண்டிருந்தது,
உள்ளே கல்லா, காற்றா என்று.